வண்டல் சீர்

எங்கள் உழவர் சந்தையில் புதிதாகக் கடை போட வருகிறவர்களுக்கு நான் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுவேன். பொற்கொடியிடம் மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். அவள் கத்த மாட்டாள். கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வராது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ போட்டுத் தலையைச் சாய்த்து மரியாதையாகவே பேசிக்கொண்டு போவாள். அவள் பேசி முடித்த பிறகுதான் தன் வேட்டி அவிழ்ந்து கிடப்பது எதிராளிக்குத் தெரியும். ஒருமுறை சந்தைச் சாக்கடை அடைத்துக்கொண்டு நாறியது. பார்க்க வந்த அதிகாரி மூக்கைப் பிடித்தபடி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். "ஏனுங் சார், உங்க ஊட்டுலயும் இப்படித்தான் பக்கத்துல வெச்சுட்டுச் சோறு திங்கறீங்களாங்க?" என்று கேட்டாள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி. மறுநாளே ஆட்கள் வந்து அடைப்பெடுத்தார்கள்.

என் பெயர் ராமாத்தாள். சின்ன வெங்காயம், தக்காளி, தேங்காய் விற்கிறேன். பொற்கொடி எனக்கு அடுத்த கடையில் கீரை விற்கிறாள். இருவருக்கும் ஒரே ஊர்தான், வெள்ளாரம்பாளையம். நொய்யலிலிருந்து பிரிகிற வாய்க்கால் எங்கள் குளத்துக்கு வருகிறது. குளத்துக்கு மேற்கே நாங்கள், கிழக்கே அவர்கள் காலனி. அவளுடைய அம்மா பாவாத்தாள் எங்கள் தோட்டத்தில் களை பறித்தவர். என் மாமியாரை, முதலாளியம்மா என்ற பொருளில், ‘பண்ணாடிச்சி’ என்றுதான் கூப்பிடுவார், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலுக்கு வருவார். பொற்கொடி சந்தைக்கு வந்த முதல் நாளே என்னை ‘அக்கா’ என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் போயிருந்தாலும் அவள் மாற்றிக்கொண்டிருக்க மாட்டாள்.

வயதுக்கு வந்ததும் வராததுமாக நூல் மில்லுக்குப் போனவள் அவள். பஞ்சுத் தூசியில் நின்று நின்று இருமலோடு வெளியே வந்தபோது, அவளும் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருசன் தமிழ்ச்செல்வனும் சேர்ந்து வாய்க்கால் ஓரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். அவள் வம்சத்தில் யார் பேரிலும் அதற்கு முன் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. நிலம் என்றால் என்ன நிலம்? சுண்ணாம்புக் கல்லும் சரளையுமாக, எங்கள் ஆட்கள் எவரும் திரும்பிப் பார்க்காத இடம். எங்கள் பக்கம் தண்ணீர் பாய்ந்து வெள்ளாமை விளைந்தால் அதைத் ‘தோட்டம்’ என்போம். மழையை நம்பிக் கிடந்தால் அது ‘காடு’. பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட முதலில் கேட்பது தோட்டமா காடா என்றுதான். அவள் கிணறு வெட்டி, மோட்டார் வைத்து, பாத்தி கட்டினாள். ஊர் மட்டும் ‘பொற்கொடி காடு’ என்றே சொல்லிவந்தது. அது அவளுக்கு எரியும். "தண்ணி பாயுதுல்லக்கா, அப்புறமென்ன காடு?" என்பாள். "மண்ணு இல்லியே அம்மணி" என்பேன் நான். அதுதான் குறை. தண்ணீர் இருந்தது, பிடித்து வைக்க மண் இல்லை.

எங்கள் ஊரில் மண் என்றால் குளத்து வண்டல்தான். கோடையில் குளம் வற்றியதும் அடியிலிருந்து அந்தக் கறுத்த மண்ணை அள்ளிப் போய் நிலத்தில் கொட்டுவோம். உரக்கடைப் பக்கமே போக வேண்டாம். ஆனால் அதை அள்ளுவது எப்போதும் எங்கள் ஆட்களின் டிராக்டர்கள்தான். காலனியில் யாருக்கும் நிலமில்லாத காலத்தில் வந்த பழக்கம் அது. நிலம் வந்த பிறகும் அது மாறவில்லை.

அந்த வருடம் வண்டல் எடுக்க அரசாங்க அனுமதி வந்ததும், பொற்கொடி வாடகை டிராக்டரோடு குளத்துக்குள் இறங்கிவிட்டாள். எங்கள் பையன்கள் தங்கள் டிராக்டரை ஓட்டிவந்து மறித்தார்கள். அவள் அவர்கள் டிராக்டரின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "நாந் தள்ளி ஒக்கார மாட்டனுங்க. எம் மேல ஏத்தி ஓட்டீட்டுப் போங்க, வண்டலோட வண்டலாக் கெடக்கறேன்" என்றாள். மத்தியான வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பாசன சங்கத் தலைவர் செங்கோட்டையனுக்குப் போன் போயிற்று.

செங்கோட்டையன் எனக்குப் பங்காளி முறை. எங்களைப் போலத்தான் ஒரு காலத்தில் பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்க்கால் தலைப்பில் முலாம் பூசும் பட்டறை போட்டார். பம்புக்கும் கிரைண்டருக்கும் வேண்டிய இரும்புச் சாமானுக்கெல்லாம் நிக்கலும் குரோமும் பூசி, கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுப்பது அவர் தொழில். காரில் வந்து இறங்கினார். பையன்களை அதட்டி அனுப்பினார். பொற்கொடியைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்திரி அம்மணி. இத்தனை வெயில்ல எதுக்கு இந்த அழிச்சாட்டியம்? அந்த வாய்க்கால் வாய்ப் பக்கம் பாரு, ஏகமாக் கெடக்குது. வேணுங்கற மட்டும் அள்ளிக்க. நாங் குடுத்த சீருன்னு வெச்சுக்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சீர் என்பது உறவுக்குள் போகிற பொருள். மாமன் வீட்டிலிருந்து கூடை வரும், வெள்ளைத் துணி மூடி, மேளத்தோடு வரும். காலனிப் பெண்ணுக்கு அவர் சீர் கொடுக்கிறாராம்! கேலிதான் அது. பொற்கொடிக்கும் அது கேலி என்று தெரியும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே வெச்சுக்கறனுங்க தலைவரே. மறக்க மாட்டனுங்க" என்றாள்.

அவளை அன்று பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு லோடும் கொட்டக் கொட்ட அந்த மண்ணை மிதித்து மிதித்துப் பரப்பினாள். ஊரிலேயே அதிகமாக வண்டல் கொட்டிய நிலம் அவளுடையதுதான். நானும் என் தென்னைக்குக் கொஞ்சம் எடுத்தேன். ஊரில் முக்கால்வாசிப் பேர் எடுத்தார்கள். எடுக்காதவர்களில் ஒருவர் யார் என்பதை அப்போது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. செங்கோட்டையன் தோட்டத்துக்கு அந்த வருடம் ஒரு லோடுகூடப் போகவில்லை.

அப்புறம் வந்த கீரையை என்னவென்று சொல்வது! தண்டுக்கீரை இடுப்பு உயரம் நின்றது. பாலக் இலை ஒவ்வொன்றும் உள்ளங்கைக்கு மேல் அகலம், கறுத்த பச்சை. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் என்று எங்கெங்கிருந்தோ அவள் கடையைத் தேடி வந்து நின்றார்கள். டாக்டர் வீட்டம்மா ஒருவர் காரை நிறுத்திவிட்டு, "பொற்கொடி தோட்டத்துக் கீரைதானே?" என்று கேட்டபோது, அவள் என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினாள். தோட்டம் என்று முதலில் சொன்னது ஒரு வெளியூர்க்காரி. அப்புறம் ஊரும் சொல்ல ஆரம்பித்தது.

இரண்டு கோடை தாண்டி அஃப்ஷீன் என்ற பெண் வந்தாள். வேளாண்மை ஆராய்ச்சி படிக்கிறவள். ஆற்றங்கரை நெடுகவும் மண்ணும் சேறும் எடுத்துக்கொண்டு போனவள், எங்கள் குளத்திலும் எடுத்தாள், பொற்கொடி தோட்டத்து மண்ணும் கீரையும் எடுத்தாள். சில வாரம் கழித்துச் சந்தைக்கே தேடி வந்துவிட்டாள். அன்றைக்கு நல்ல வியாபார நேரம். பொற்கொடி கீரைக் கட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தனியாப் பேசணும்."

"இங்கியே சொல்லு கண்ணு. ராமாத்தாக்கா நம்ம ஆளுதான்."

அஃப்ஷீன் சொன்னாள். குளத்துச் சேற்றில், அதிலும் வாய்க்கால் வாய்ப் பக்கத்தில், காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் எல்லாம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருக்கின்றன. அந்தச் சேறுதான் தோட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து கீரைக்குள் ஏறியிருக்கிறது. முலாம் பட்டறைக் கழிவில் வருகிற உலோகங்கள் அவை.

"நல்லாக் கழுவித்தானே விக்கிறேன்?"

"கழுவுனாப் போற அழுக்கு இல்லீங்கக்கா. இலைக்கு உள்ளயே இருக்கு. வேக வெச்சாலும் போகாது. ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் தெரியாது. வருசக்கணக்காச் சாப்பிட்டாக் கிட்னிக்கும் எலும்புக்கும் கெடுதல்."

பொற்கொடி தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினாள். "விக்காம மிச்சமானதெல்லாம் எங்க ஊட்டுச் சட்டியிலதான் வெந்துச்சு கண்ணு" என்றாள்.  அஃப்ஷீன் நல்ல பெண். கண் கலங்கிவிட்டது.

நான் நினைத்தேன், இவள் இப்போது உடைந்துபோவாள் என்று. சண்டை போட்டு வாங்கிய வண்டல். வெயிலில் உட்கார்ந்து, கேலி கேட்டு வாங்கிய வண்டல். அது நஞ்சென்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கே எரிந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? செம்பைக் கீழே வைத்தாள். கடையிலிருந்த கீரையெல்லாம் சாக்கில் திணித்து வாயைக் கட்டினாள். பக்கத்தில் நின்றிருந்த வாடிக்கையாளர்களிடம், "இன்னிக்கு யாவாரமில்லீங்க. இந்தக் கீரைல பட்டறைக் கழிவு ஏறியிருக்குதாமுங்க. நேத்து வாங்குனது மிச்சமிருந்தாக் கொட்டீருங்க" என்றாள், மற்ற நாளில் சில்லறை இல்லை என்று சொல்கிற அதே குரலில்.

அன்றோடு நிற்கவில்லை. தினமும் வந்து காலிக் கடையில் உட்கார்ந்தாள். ஏன் கீரை இல்லை என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். விளைவு என்ன ஆயிற்று? சந்தைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும், "இது எந்த ஊர்த் தக்காளி? இது எந்தத் தண்ணியில விளைஞ்சது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெள்ளாரம்பாளையம் என்றால் எடுத்ததைக் கீழே வைத்தார்கள். என் வெங்காயம் அழுகியது. எனக்குக் கோபம் வந்தது. "நீ விக்காட்டி விக்காம இரு. ஊரு வாயில மண்ணள்ளிப் போடாதே" என்று கத்தினேன். அந்தக் கோபம் நியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். என் பாடு எனக்கு.

"வாயில மண்ணு போட்டது நானில்லீங்கக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவள் செங்கோட்டையனிடமும் போனாள். பட்டறை வாசலில் நிற்க வைத்தே பேசினார் என்று தமிழ்ச்செல்வன் சொன்னான். அவள் கேட்டது இரண்டுதான். வாய்க்காலுக்கு வருகிற குழாயை அடைக்க வேண்டும். தோட்டத்தில் கிடக்கிற கறுப்பு மண்ணை எடுத்துவிட்டு நல்ல மண் போட்டுத் தர வேண்டும். அவர், "எங்கட்ட மிசினு வெச்சு சுத்தம் பண்ணித்தான் தண்ணி உடறோம். கொளத்துல எவன் எவன் என்னத்தக் கொட்டறானோ, நான் என்ன பண்ணட்டும்? அப்புறம், வண்டலு வேணுமின்னு டிராட்டருக்கு முன்னால படுத்தது ஆரு? நானா வந்து கொட்டுனேன்? கேட்டு வாங்குனே, அனுபவி" என்றாராம். அந்தக் கடைசி வார்த்தையை ஊரும் பிடித்துக்கொண்டது. கேட்டு வாங்கினாளே! டீக்கடையில் இதே பேச்சு. மனுவோடு அவள் ஏறி இறங்கிய அலுவலகங்களில் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். ஒரு இடத்தில், குளம் எங்களுடையது, மண் அவர்களுடையது என்றார்களாம். "அப்ப நஞ்சு ஆருதுங்க?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

ஊர்க்காரர்களும் அவளோடு சேரவில்லை. எல்லோர் நிலத்திலும் அந்த வண்டல் கிடந்தது. கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டால் விளைந்ததை யார் வாங்குவார்கள்? அதனால் நல்ல வண்டல் என்றே சொல்லிக்கொண்டோம். செங்கோட்டையனுக்கு அது வசதியாகப் போயிற்று.

வைகாசியில் செங்கோட்டையன் மகன் மதன்குமார் புது வீடு கட்டிக் குடி போனான். வீடா அது? அரண்மனை. ஒரு வாரத்துக்கு முன்னால் பொற்கொடி என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, உங்க ஊட்டுச் சீர்க்கூடை ஒண்ணு குடுங்க. மூடறதுக்கு வெள்ளைத் துணியும் வேணும்."

"ஆரு ஊட்டுல விசேசம்?"

"ஒரு செய்முறை பாக்கி இருக்குதுங்கக்கா. வாங்குனதுக்குத் திருப்பிச் செய்யோணுமல்ல?"

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஒருவர் சீர் செய்தால் அவர் வீட்டு விசேசத்துக்கு நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாமல் விட்டால் காலத்துக்கும் பேச்சு நிற்கும். யாரோ அவள் சொந்தக்காரர் என்று நினைத்துக் கூடையைக் கொடுத்தேன். என் மாமியார் விளிம்பில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த மூங்கில் கூடை அது.

விசேசத்தன்று ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம், நிறைந்திருந்தது. நான் பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் செங்கோட்டையன் சம்சாரம் குழந்தையம்மாள் பட்டுச் சேலையில் நின்று, வருகிற சீர்க்கூடைகளை இரண்டு கையாலும் வாங்கி வாங்கி இறக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனுசி. பட்டறைப் பணம் வந்த பிறகும் மாடு கறக்கிறவர். அன்று விடிந்ததும் சமையற்கட்டு ஓரத்தில் தன் கையால் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார்.

தெருமுனையில் தப்பட்டைச் சத்தம் கேட்டது. யாரோ பெரிய உறவு வருகிறது என்று எல்லோரும் எழுந்து பார்த்தோம். முன்னால் பொற்கொடி. மஞ்சள் சேலை, தலை நிறையப் பூ. தலையில் என் கூடை! பின்னால் காலனிப் பெண்கள், ஆளுக்கொரு கூடையோடு. எல்லாவற்றிலும் வெள்ளைத் துணி, மேலே வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய். தமிழ்ச்செல்வன் சித்தப்பா மகன்தான் தப்பட்டை அடித்துவந்தான். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். காலனியிலிருந்து எங்கள் ஆட்கள் வீட்டுக்கு மேளத்தோடு சீர் வந்து நான் பார்த்ததில்லை, என் மாமியாரும் பார்த்திருக்க மாட்டார்.

மதன்குமார் வாசலில் கையை நீட்டி மறித்தான். "ஏம்மா, யாரு நீங்க? என்ன முறைன்னு சீர் கொண்டு வர்றீங்க?"

"உங்கப்பா முன்னால எனக்குச் சீர் குடுத்தாருங்க தம்பி. கொளத்துக்குள்ள, நாலு பேரு பாக்கக் குடுத்தாரு. திருப்பிச் செய்ய வந்திருக்கறேன்."

குளத்தில் அன்று நின்றிருந்தவர்களில் பாதிப்பேர் பந்தலில் இருந்தார்கள். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. குழந்தையம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனால் நல்ல நேரத்தில் மேளத்தோடு வாசலுக்கு வந்த கூடையைத் திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு ஆகாது. அது அவருக்குத் தெரியும். மகனை ஒதுக்கிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். "வா கண்ணு" என்று கூடையை வாங்கி இறக்கினார். போட்டோக்காரன் படம் எடுத்தான்.

துணியை விலக்கினால், உள்ளே கறுகறுவென்று மண்.

"வண்டலாட்ட இருக்குது?" என்றார் குழந்தையம்மாள்.

"வண்டலேதானுங்கம்மா. நம்ம கொளத்து வண்டல். என்ர தோட்டத்துல போட்டு வெச்சிருந்தது. வாய்க்கால் வாய்ப் பக்கத்து மண்ணு, தலைவரு பாத்துச் சொன்ன எடம். ஏகமா வெளையுமுங்க."

பந்தலில் சிலர் சிரித்தார்கள். ஆனால் குழந்தையம்மாள் சிரிக்கவில்லை. மண்ணென்றால் அந்த மனுசிக்கு உயிர். "அட, புது ஊட்டுக்கு இதை உட நல்ல சீரு என்ன இருக்குது? காலைலதான் கறிவேப்பிலை வெச்சேன், வெறும் கிராவல் மண்ணுல நிக்குது" என்று, பட்டுச் சேலையோடு குனிந்து, இரண்டு கையும் நிறைய அள்ளிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் நடந்தார். பொற்கொடி அவர் பின்னாலேயே போகவில்லை. அந்த இடத்திலேயே நின்று பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செங்கோட்டையன் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தார். கூடையைப் பார்த்தார். சம்சாரத்தின் கையைப் பார்த்தார்.

"ஏய்! போடாதே! அதைக் கீழ போடு, மொதல்ல கையைக் கழுவு!"

அந்தச் சத்தத்துக்குத் தப்பட்டை நின்றுவிட்டது. குழந்தையம்மாள் செடிக்கு மேலே நீட்டிய கையோடு திரும்பினார்.

"ஏனுங்க? நம்ம கொளத்து மண்ணுதானுங்க?"

செங்கோட்டையன் கை கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.  மதன்குமார் போலீசைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை. எனக்கு என் தென்னை மரங்கள் ஞாபகம் வந்தன, நானே நின்று கொட்டிய ஒவ்வொரு கூடையும் ஞாபகம் வந்தது. பந்தியில் பாதியில் எழுந்தவர் பொங்கியண்ணன், செங்கோட்டையனுக்கு மாமன் முறை, வாழை போடுகிறவர். சாம்பார் கையோடு அப்படியே வந்து நின்றார்.

"செங்கோட்டையா, உம் பொண்டாட்டியக் கை கழுவச் சொல்றே. நான் அதை வாழைக்குப் போட்டிருக்கறேன். ரண்டு வருசமா அந்தத் தாரைத்தான் எங்க ஊட்டுல திங்கறோம். சொல்லு, ஏன் போடக் கூடாது?"

"மாமா, விசேச ஊட்டுல…"

"விசேசம் கெடக்குது, சொல்லு!"

பொற்கொடி தேங்காய், மஞ்சளையெல்லாம் எடுத்துப் பாங்காகத் தட்டில் வைத்தாள். குழந்தையம்மாளைப் பார்த்துக் கும்பிட்டாள். "வந்ததுக்குத் திருப்பிச் செஞ்சுபோட்டனுங்கம்மா. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றாள். பிறகு செங்கோட்டையனிடம், "மிச்சச் சீரு தோட்டத்துலயே கெடக்குதுங்க தலைவரே. நீங்களா வந்து எடுத்துக்கறீங்களா, இல்ல கூடை கூடையா நாங்களே கொண்டாரட்டுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள். எனக்கு அந்த நேரத்தில் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கூடை போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று சாப்பிடாமல் எழுந்த ஒரம்பரை அதிகம். மறுநாள் பட்டறை வாசலில் நின்ற கூட்டத்தில் காலனி ஆட்களைவிட எங்கள் ஆட்கள்தான் அதிகம். அதுவரை அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பியவர்கள், கத்தியதும் அவர்கள்தான். நானும் கத்தினேன். இதே அலுவலகங்களிலிருந்து இப்போது ஜீப் வந்தது. மேளத்தோடு கேட்டால்தான் காது கேட்கும் போல. பட்டறையைப் பூட்டினார்கள், கொஞ்ச நாளில் திறந்தார்கள். வாய்க்காலுக்கு வரும் குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். பொற்கொடி வாரா வாரம் போய் அந்தச் சிமெண்டைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். எங்கள் வாய்க்காலில் இது ஒரு குழாய்தான், மேலே இன்னும் எத்தனையோ. அதுவும் அவளுக்குத் தெரியும். கணக்கெடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவள் தோட்டத்துக் கறுப்பு மண்ணைச் செங்கோட்டையன் செலவில் முதலில் வழித்தெடுத்தார்கள். திரும்பக் குளத்திலேயே கொட்டிவிடப் போகிறார்கள் என்று, லாரிக்குப் பின்னாலேயே தமிழ்ச்செல்வனைப் பைக்கில் அனுப்பினாள். கழிவு மண்ணுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அவன் வீடு திரும்பினான். வழித்தெடுத்த பிறகு அந்த நிலத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. பாத்தியில்லை, பச்சையில்லை, பழைய சரளை மறுபடியும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

போன மாதம் புது மண் வந்தது. செம்மண். மாதிரி எடுத்து அஃப்ஷீனிடம் கொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் வண்டியே கிளம்ப வேண்டும் என்று பொற்கொடி முன்பே சொல்லியிருந்தாள். நானும் அன்று வரப்பில் நின்றேன். லாரி டிரைவர், பாவம் வெள்ளகோவில்காரர், ஒன்றும் தெரியாது, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார்.

"செங்கோட்டையனுங்க குடுத்தனுப்புனாருங்க."

"எதுக்குன்னு சொல்லிக் குடுத்தாருங்க? சீருன்னாரா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்களே."

"கேட்டுச் சொல்லுங்க. சீருன்னா வண்டியைத் திருப்பிக்குங்க, எங்களுக்கு வேண்டாம். கெடுத்த மண்ணுக்கு மண்ணுன்னா எறக்குங்க."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் போன் போட்டு, அவள் சொன்னதை அப்படியே கேட்டார். சத்தமாகத்தான் வைத்திருந்தார், எல்லோருக்கும் கேட்டது.   அந்தப் பக்கம் செங்கோட்டையன் குரல் வந்தது. "கெடுத்ததுக்குத்தானப்பா. எறக்கச் சொல்லு."

டிரைவர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அந்தப் பள்ளத்தைப் பார்த்து, "இந்தக் குழிக்குள்ளதானுங்க கொட்டோணும்?" என்றார்.

"குழி இல்லீங்க" என்றாள் பொற்கொடி. "தோட்டமுங்க."